ஓட்டு எந்த ஊரில் இருக்கிறது?

தர்மபுரி மாவட்டத்தின் மொரப்பூர் ஒன்றியத்தில் ஏதேனும் ஒரு கிராம ஊராட்சிக்கு வார்டு உறுப்பினராக நிற்க நினைப்பவருக்கு 21 வயது நிரம்பியிருந்தால் மட்டும் போதாது. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலிலேயே அவருடைய பெயர் இருக்க வேண்டும். பக்கத்து ஊராட்சியில் இருந்தால் செல்லாது. அரூரிலோ தர்மபுரி நகரத்திலோ இருந்தாலும் செல்லாது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அப்படி வரையறுக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் ஏறவேண்டுமானால் அந்த ஊரில் குடியிருக்க வேண்டும்.

ஆனால் 1991இல் இதே தர்மபுரி மாவட்டத்தின் பர்கூர் தொகுதியில் நின்று வென்ற ஜெயலலிதா வசித்தது சென்னையில், போயஸ் தோட்டத்தில். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004இல்தான். அதுவரை பர்கூர் தர்மபுரியைச் சேர்ந்தது. காங்கேயத்திலும் வென்ற அவர் பர்கூரைத் தக்கவைத்துக்கொண்டு முதலமைச்சரானார். ஐந்தாண்டு கழித்து அதே பர்கூரில் தி.மு.க.வின் இ.ஜி.சுகவனத்திடம் தோற்றார். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருப்பவர் மாநிலத்தின் எந்தப் பொதுத் தொகுதியிலும் சட்டமன்றத்துக்குப் போட்டியிடலாம். மக்களவைக்கு இன்னும் தாராளம்: இந்தியாவில் எங்கே ஓட்டு இருந்தாலும் போதும்.

ஆக, பதவி சிறியதாக இருந்தால் முகவரி கறாராகக் கேட்கப்படுகிறது. பதவி உயர உயரக் கேள்வி தளர்ந்துபோகிறது. ‘ஊரில் குடியிருப்பவர்’ என்ற தகுதியின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் இந்தச் சாய்வு எப்படி வந்தது என்பது தெரியும்.

தமிழ்நாட்டில் அந்த வரலாறு கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் ஆட்சிக்காலத்தில், கி.பி. 919இலும் 921இலும், பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் குடவோலை முறையின் விதிகளைச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. வாரியங்கள் எனப்படும் நிர்வாகக் குழுக்களுக்கு ஆளெடுக்க, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். 35க்கு மேல் 70க்குள் வயது இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை.

இதை மக்களாட்சியின் முன்னோடி என்று மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் அது பிராமணர்களுக்குக் கொடையாக வழங்கப்பட்ட ஒரு பிரம்மதேய ஊரின் சபை. பெண்களுக்கும், நிலமில்லாதவர்களுக்கும், அந்த ஊரின் வயல்களில் உழைத்த மக்களுக்கும் அதில் பங்கில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த விதியில் குடியிருப்பும் சொத்தும் ஒன்றாகப் பிணைந்திருந்தன. வாடகை வீட்டுக்காரரும் குத்தகைக்காரரும் எத்தனை தலைமுறையாக அங்கே வாழ்ந்திருந்தாலும் ஓலையில் ஏற முடியாது.

ஆயிரம் ஆண்டு கழித்து வந்த ஆங்கிலேயரின் வாக்குரிமையும் அந்தப் பிணைப்பை அவிழ்க்கவில்லை. 1920இல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நடந்த தேர்தலில் நாலு கோடிக்கும் மேற்பட்ட மக்களில் சுமார் 12.5 லட்சம் பேருக்கே ஓட்டு இருந்தது. நிலவரி, நகராட்சி வரி, வருமான வரி என்று ஏதாவது ஒன்றைக் கட்டுபவர்தான் வாக்காளர். பெரும் நிலக்கிழார்கள், பல்கலைக்கழகப் பட்டதாரிகள், வணிகர்கள், தோட்ட முதலாளிகள் ஆகியோருக்குத் தனித் தொகுதிகள் இருந்ததால் ஒரே மனிதர் இரண்டு இடங்களில் முறைப்படி ஓட்டுப் போடவும் வழி இருந்தது. அதே 1920இல்தான் தேர்தல் குற்றங்களுக்கான சட்டம் வந்து, இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 171ஏ முதலான பிரிவுகள் சேர்ந்தன. பிறர் பெயரில் ஓட்டுப் போடுவதும், ஒருமுறை போட்டவர் மறுமுறை போட முயல்வதும் ‘ஆள்மாறாட்டம்’ ஆனது. ஓராண்டு வரை சிறை. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 172, 174 பிரிவுகள் அதே விதியின் தொடர்ச்சிதான். வசதியுள்ளவரின் இரண்டாவது ஓட்டு உரிமையாகவும், மற்றவரின் இரண்டாவது ஓட்டு குற்றமாகவும் ஒரே ஆண்டில் எழுதப்பட்டன.

விடுதலைக்குப் பின்தான் சொத்து என்ற நிபந்தனை போனது. 1948இல், அரசியல் சட்டம் முடிவாகும் முன்பே, அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் பட்டியல் தயாரிக்கும் வேலை தொடங்கிவிட்டது. குறிப்பிட்ட ஆண்டில் 180 நாட்களாவது ஓர் ஊரில் வசித்தவரே அந்த ஊர் வாக்காளர் என்று வைத்துக்கொண்டார்கள். உடனே ஒரு சிக்கல் எழுந்தது. பிரிவினையில் வீடு இழந்து முகாம்களில் கிடந்த லட்சக்கணக்கானோர் 180 நாட்களை எங்கே காட்டுவார்கள்? இனி இந்த ஊரில்தான் நிலையாக வாழப்போகிறேன் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தாலே போதும், பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அரசியல் நிர்ணய சபைச் செயலகம் மாகாணங்களுக்குத் தெரிவித்தது. இந்தியத் தேர்தல் வரலாற்றில் இத்தனை பெருந்தன்மையான முடிவுகள் அதிகமில்லை. காகிதம் இல்லாதவரின் வாய்ச்சொல்லை ஓர் அரசு நம்பியது.

1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சொத்தின் வாடை கொஞ்சம் மிஞ்சியிருந்தது. ஒரு தொகுதியில் வீடு வைத்திருப்பவரையும் அங்கே குடியிருப்பவராகக் கருதலாம் என்றது அதன் 20ஆவது பிரிவு. 1958இல் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். ஒரு தொகுதியில் வீடு இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்பதே இன்றுவரை நிற்கும் சட்டம். உத்திரமேரூர்ச் சுவரில் வீடும் மனையும் தகுதியாக இருந்தன. இப்போது வீடு தனியே எதையும் நிரூபிப்பதில்லை. உண்மையாக எங்கே வாழ்கிறார் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பொய் சொன்னால் தண்டனை உண்டு. ஒருவர் இரண்டு தொகுதிகளில் பதிவு செய்யக் கூடாது என்கிறது 17ஆவது பிரிவு. ஒரே தொகுதியில் இருமுறை கூடாது என்கிறது 18ஆவது பிரிவு. பெயர் சேர்க்கும் படிவம் 6இன் கீழே உறுதிமொழி இருக்கிறது. அதில் தெரிந்தே பொய்யாகக் கையெழுத்திட்டால் 31ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். காகிதத்தில் இது கடுமையாகத் தெரிகிறது. நடைமுறை வேறு. இது காவல்துறை தானாகப் புலன்விசாரணை தொடங்கக்கூடிய குற்றம் அல்ல. நடுவர் நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். ஓராண்டுக்கு மேற்படாத தண்டனை என்பதால் வழக்கை ஏற்பதற்கான கால வரம்பும் ஓராண்டுதான். புகார் கிளம்பி, கோப்பு நகர்ந்து, பழைய பட்டியலைத் தேடி எடுப்பதற்குள் அந்தக் காலம் ஓடிவிடும்.

உள்ளூர் அரசியல்வாதி ஒருவர் இத்தகைய வழக்கில் முழுமையாக விசாரிக்கப்பட்டுத் தீர்ப்புப் பெற்ற கதைக்கு அமெரிக்கா வரை போக வேண்டியிருக்கிறது.

இண்டியானா மாநிலத்தில் இண்டியானாபொலிஸை ஒட்டிய சிறு நகரம் ஃபிஷர்ஸ். அதன் நகர மன்ற உறுப்பினர் சார்லி ஒயிட். விவாகரத்தான அவர், மறுமணம் செய்யவிருந்த பெண்ணுக்காக 2010இன் தொடக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் வீடு வாங்கினார். அந்த வீடு அவருடைய வார்டுக்கு வெளியே இருந்தது. குடிபெயர்ந்ததாகச் சொன்னால் மன்றப் பதவியும் அதற்கான மாதச் சம்பளமும் போய்விடும். வாக்காளர் பட்டியலில் முன்னாள் மனைவியின் வீட்டு முகவரியையே கொடுத்தார். 2010 மே மாத உட்கட்சித் தேர்தலில் அந்த முகவரியின் பேரில் ஓட்டும் போட்டார். திருமணம் வரை தான் தங்கியது அந்த வீட்டில்தான் என்பது அவருடைய வாதம். இதற்கிடையில் அவர் மாநிலச் செயலர் பதவிக்குப் போட்டியிட்டு வென்றார். இண்டியானாவில் தேர்தல்களை மேற்பார்வையிடும் பொறுப்பு அந்தப் பதவிக்கு உரியது.

2011 மார்ச்சில் குற்றச்சாட்டுப் பதிவானது. 2012 பிப்ரவரி 4 அன்று ஏழு குற்றச்சாட்டுகளில் ஆறில் அவர் குற்றவாளி என நடுவர் குழு முடிவு செய்தது. பொய் முகவரிப் பதிவு, தவறான வட்டத்தில் வாக்களித்தது, பொய்ச் சத்தியம் ஆகியவற்றோடு, தகுதியின்றி மன்றச் சம்பளம் வாங்கியது திருட்டு என்றும் தீர்மானித்தார்கள். பதவி உடனே பறிபோனது, ஓராண்டு வீட்டுக்காவல். பின்னர் மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் நீக்கப்பட்டன, சில நிலைத்தன. ஒரு மனிதர் மூன்று, நான்கு மாதங்கள் எந்தக் கூரையின் கீழ் உறங்கினார் என்பதை ஒரு நீதிமன்றம் நாட்கணக்கில் அமர்ந்து ஆராய்ந்தது. இந்த அக்கறை நமக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் வார்டு உறுப்பினர் வார்டில் வாழ வேண்டும் என்று ஒரு சமூகம் உண்மையாகவே நம்பினால் அந்த ஆராய்ச்சியைத் தவிர்க்க முடியாது.

அங்கேயும் எல்லா வழக்குகளும் இப்படி முடியவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்ற உறுப்பினர் ரிச்சர்ட் அலர்கோனும் அவர் மனைவியும் தம் தொகுதிக்குள் இருந்த பானோரமா சிட்டி வீட்டை முகவரியாகக் காட்டிவிட்டு வேறு வீட்டில் வாழ்ந்ததாக 2010இல் வழக்குத் தொடரப்பட்டது. அந்த வீட்டில் யாரோ ஓர் அந்நியர் புகுந்து பூட்டை மாற்றிக்கொண்டு தங்கியதிலிருந்துதான் சந்தேகமே கிளம்பியது. வீடு பழுது பார்க்கப்படுகிறது, திரும்பி வரவே எண்ணினோம் என்றார்கள் அவர்கள். 2014இல் தண்டனை வந்தது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திரும்பி வரும் எண்ணத்தை எப்படி எடைபோட வேண்டும் என்று நடுவர் குழுவுக்குச் சரியாக விளக்கப்படவில்லை என்பது காரணம். அதே கலிபோர்னியாவில் மாநிலச் செனட்டர் ரோட்ரிக் ரைட் 2014இல் இதே வகைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டுப் பதவி விலகினார். 2018இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இந்தியாவில் இப்படி ஒரு விசாரணை ஏன் நடப்பதில்லை என்பதற்கு 1973இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு பாதி விடை. குஜராத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானவர்கள் உண்மையில் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களே அல்ல என்று தோற்றவர் வழக்குப் போட்டார். பட்டியலில் பெயர் ஏறிவிட்ட பின், அது சரியாகத்தான் ஏறியதா என்று தேர்தல் வழக்கில் கிளற முடியாது என்றது நீதிமன்றம். ஆட்சேபம் இருந்தால் பட்டியல் தயாராகும்போதே சொல்லியிருக்க வேண்டும். தேர்தலுக்கு ஒரு முடிவு வேண்டும் என்ற அளவில் இது நியாயமே. ஆனால் கள்ள முகவரியோடு பட்டியலுக்குள் நுழைந்துவிட்டவருக்கு அதுவே பாதுகாப்பும் ஆகிவிடுகிறது.

இந்தச் சட்டத்தின் மிகப் பிரபலமான சோதனை மன்மோகன் சிங்குக்கு நேர்ந்தது. 1991இல் நிதியமைச்சரான அவர் அசாமிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றைய சட்டப்படி அசாமில் வாக்காளராக இருந்தால்தான் அது முடியும். அப்போதைய முதலமைச்சர் ஹிதேஸ்வர் சைக்கியாவின் குடும்பத்துக்குச் சொந்தமான குவாஹாட்டி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, திஸ்பூரில் வாக்காளராகப் பதிவு செய்திருந்தார். டெல்லியில் வாழ்பவர் அசாமில் குடியிருப்பவர் எப்படி ஆவார் என்ற கேள்வி குவாஹாட்டி உயர் நீதிமன்றம் வரை போனது. ஓரிடத்தில் வழக்கமாக, நிலையாக வாழ்பவர், அங்கே தொடர்ந்து வாழும் எண்ணம் உள்ளவர், நியாயமான எந்த மனிதரும் அவ்வூர்க்காரர் என்று ஏற்றுக்கொள்ளக்கூடியவரே குடியிருப்பவர் என்று அந்த நீதிமன்றம் கொடுத்த விளக்கத்தைத் தேர்தல் ஆணையம் இன்றும் தன் கையேடுகளில் மேற்கோள் காட்டுகிறது. மன்மோகன் சிங் 2019 வரை அசாமின் உறுப்பினராகவே இருந்தார். பிரதமராக 2014இல் திஸ்பூருக்குப் போய் வாக்களித்தார்.

அவருடைய நேர்மை இங்கே பொருளல்ல. நாடாளுமன்றம் அடுத்துச் செய்ததுதான் பொருள். 2003இல் சட்டத்தைத் திருத்தி, மாநிலங்களவைக்கு நிற்பவர் இந்தியாவில் எங்கே வாக்காளராக இருந்தாலும் போதும் என்று மாற்றினார்கள். மூத்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2006 ஆகஸ்ட் 22 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு திருத்தம் செல்லும் என்றது. இந்தத் திருத்தத்துக்கு முன்பே நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் பதவிக் கடமை காரணமாக ஊரில் இல்லாவிட்டாலும் அவர்களுடைய குடியிருப்பு அறுபடாது என்ற துணைப்பிரிவு சட்டத்தில் சேர்ந்திருந்தது. 2010இல் மற்றொரு திருத்தம் வந்தது: வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் கடவுச்சீட்டில் உள்ள ஊர் முகவரியில் வாக்காளராகலாம். துபாயில் பல்லாண்டு வாழ்பவருக்கு ஊரில் ஓட்டு உண்டு.

கீழே மட்டும் கறார் அப்படியே இருக்கிறது. 2025இல் உத்தரகண்ட் மாநிலத் தேர்தல் ஆணையம், ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்களில் பெயர் இருந்தாலும் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அம்மாநில உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆணையம் உச்ச நீதிமன்றம் போய், செப்டம்பரில் தோற்று, 2 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் கட்ட உத்தரவு பெற்றது. தீர்ப்பு சரியானது என்பதில் ஐயமில்லை. ஊராட்சித் தலைவர் குடிநீர்க் குழாயையும் தெருவிளக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர். அவர் நகரத்தில் வாழ்ந்துகொண்டு கிராமத்தில் பதவி வகிப்பது ஊருக்கு இழைக்கும் அநீதி. அதே அளவுகோல் மேலே இருப்பவர்களுக்கும் வேண்டும் என்பதுதான் கேட்கப்பட வேண்டியது.

குடியிருப்பு என்ற அளவுகோலுக்கு இன்னொரு கொடிய பக்கமும் உண்டு. தமிழர்கள் அதை நேரில் அனுபவித்திருக்கிறார்கள். மொரப்பூர் முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2 அன்றுதான். அந்தச் சேலம் மாவட்டத்திலிருந்தும் திருச்சி, தஞ்சை, மதுரைப் பக்கங்களிலிருந்தும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களிடம், 1931இல் அங்கே அனைவருக்கும் வாக்குரிமை வந்தபோது, நிலையாகக் குடியேறியதற்கான சான்று கேட்கப்பட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள், சௌமியமூர்த்தி தொண்டமான் உட்பட, நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அடுத்த ஆண்டே அவர்களுடைய குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. தலைமுறைகளாகத் தோட்ட லயன்களில் வாழ்ந்தவர்களைப் பார்த்து ‘நீங்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை’ என்று ஒரு பட்டியல் சொல்லிவிட்டது.

இந்தப் பின்னணியில் மொரப்பூரைப் பார்க்க வேண்டும். சேலம் – ஜோலார்பேட்டை இருப்புப்பாதையில் உள்ள இந்த ஊரிலிருந்து 1906இல் தர்மபுரிக்குக் குறுகிய பாதை போடப்பட்டது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்ச காலங்களில் மக்களைக் காக்கும் நோக்கத்தோடு போடப்பட்ட பாதை அது. 1941இல், போர்க்காலத்தில், மூடப்பட்டது. பஞ்சமும் பாதையும் போனபிறகும் பிழைப்புக்காக வெளியேறுவது நிற்கவில்லை. மழையை நம்பிய நிலம், தொழிற்சாலைகள் குறைவு. பெங்களூரு, ஓசூர், திருப்பூர், கோவை என்று ஆட்கள் போகிறார்கள். கட்டட வேலை, பனியன் கம்பெனி, செங்கல் சூளை. பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் ஊரில், ரேஷன் கார்டு ஊரில், குலதெய்வம் ஊரில். ‘ஓட்டு எங்கே?’ என்று கேட்டால் ‘ஊர்லதான்’ என்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மை. தற்காலிகமாக வெளியே இருப்பதால் மட்டும் குடியிருப்பு அறுபடாது என்று 20ஆவது பிரிவே சொல்கிறது.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள், பெரும்பாலும் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும், வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, மிகப் பெரிய பங்கு ‘இடம்பெயர்ந்தவர் அல்லது முகவரியில் இல்லாதவர்’ என்ற வகை; சுமார் 66 லட்சம். உண்மையிலேயே வேறு ஊரில் குடியேறி அங்கே பதிவு செய்துகொண்டவர்களும் அதில் உண்டு. திருப்பூரில் மாத வாடகை அறையில் இருப்பவரும், பெங்களூரில் கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் இருப்பவரும், அலுவலர் கதவைத் தட்டிய நாளில் வீட்டில் இல்லாதவரும் அதே வகைக்குள்தான் வருவார்கள். கொட்டகைக்கு முகவரி கிடையாது. அங்கே படிவம் 6 கொடுக்க அவரிடம் என்ன இருக்கிறது?

புலம்பெயர் தொழிலாளர்கள் இருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடும் இயந்திரம் ஒன்றைப் பார்க்கத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள் வரை கையாளலாம் என்றது. எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. திட்டம் அப்படியே கிடக்கிறது. இன்னொரு பக்கம், தேர்தல் வியூகர் பிரசாந்த் கிஷோரின் பெயர் பீகாரிலும் கொல்கத்தாவிலும் இரண்டு பட்டியல்களில் இருந்ததற்கு 2025 அக்டோபரில் நோட்டீஸ் போனது. நோட்டீஸ் பெறவும் அதற்குப் பதில் எழுதவும் வழக்கறிஞர் வைக்கவும் வசதி உள்ளவர் அவர். பெயர் நீக்கப்பட்டது ஓட்டுச்சாவடி வாசலில்தான் தெரியவரும் கொத்தனாருக்கு அந்த வழி எதுவும் இல்லை.

முகவரியைக் கடன் வாங்கிப் பதவிக்கு வருபவரையும், பிழைப்புக்காக ஊரைப் பிரிந்திருப்பவரையும் ஒரே சல்லடையில் சலிக்கக் கூடாது. முதலாமவருக்கு 31ஆவது பிரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஓராண்டு வரம்பை நீட்டினாலே பாதி வேலை முடியும். இரண்டாமவருக்கு 1948இல் அகதிகளுக்குக் கொடுத்த அதே நம்பிக்கையைக் கொடுக்க வேண்டும்: இதுதான் என் ஊர் என்று அவர் எழுதிக் கொடுத்தால், பொய் என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுப்பவரிடம் இருக்கட்டும்.

தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்வான ஊரக உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போனது. அடுத்த ஊராட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் வார்டு வாரியாகப் பிரித்து எடுக்கப்படும். திருத்தத்தில் பெயர் போன மொரப்பூர்த் தொழிலாளி அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. தன் சொந்தத் தெருவுக்கு வார்டு உறுப்பினராக வேட்புமனுத் தாக்கல் செய்யவும் முடியாது.